விளம்பரத்தை விளம்பரம் என்றே சொல்லட்டும்



வெள்ளறடையில் விடிகாலைப் பால்வெட்டு முடித்துத் திரும்பும் ரப்பர் தொழிலாளி கைபேசியைத் திறக்கிறார். திரையில் ஓர் இளைஞர் தமிழில் சொல்கிறார்: இந்தப் பொடியைக் குடித்தேன், மூட்டுவலி போயிற்று. சொன்னவர் கூலி வாங்கிச் சொன்னாரா? அதை அறியும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் வந்தது. இணையப் பிரபலங்களுக்கான வழிகாட்டுதலை ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில்தான் வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், ஓசி விடுதித் தங்கல், குடும்ப உறவு ஆகியவற்றையும் அவர்கள் வெளிப்படுத்தியாக வேண்டும். காணொளியில் எழுத்திலும் குரலிலும்; நேரலையில் இடைவிடாமல். ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளிக்கக் கூடாது. மருந்து பேசும் வல்லுநர் தம் தகுதியைச் சொல்ல வேண்டும் என்பது அதே ஆண்டு ஆகஸ்டில் சேர்ந்தது.

ஏமாற்று விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பேசியவருக்கும் உற்பத்தியாளருக்கும் ஒரே உச்சவரம்பு! சோப்புப் பெட்டியைக் கூலியாகப் பெற்ற இளைஞருக்கு அது வாழ்நாள் கடன். கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கோ இன்னொரு விளம்பரச் செலவு. அபராதம் விற்றுமுதலைப் பொறுத்து அமைய வேண்டும் என்று கோருவோம்.

அதுவரை, ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். கிளைதோறும் இந்த எண்ணை எழுதி வையுங்கள்.