வெந்நீர்க் கருவியும் வீட்டுக் குழாயும்



முற்காலத்தில் நம் தோட்டங்களில் லயத்து மக்கள் பலரும் ஒரே பொதுக்குழாயில் நீர் பிடித்தனர். அது பழுதுற்றால் சரிசெய்வது நிர்வாகத்தின் வேலை. இன்று கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் நம்மவர் பலர் சொந்த வீடுகளில் வாழ்கின்றனர். குழாய் வீட்டிற்குள் வந்துவிட்டது. அதனோடு பொறுப்பும் வந்துவிட்டது. அப்பொறுப்பில் உயிரோடு தொடர்புடையது ஒன்று. பணத்தோடு தொடர்புடையது மற்றொன்று.

முதலில் உயிரைப் பற்றியது. முதியோருக்காகவும் குழந்தைகளுக்காகவும் குளியலறையில் மின்சார வெந்நீர்க் கருவி பொருத்துகிறோம். ஈர உடலில் மின்சாரம் எளிதாகப் பாயும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால் இதயத் துடிப்பே சீர்குலையக்கூடும். ஆகவேதான், ஈரமான இடங்களில் 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் மின்சார விதிகள் கூறுகின்றன. அச்சாதனத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிடில் கருவியைப் பயன்படுத்தலாகாது.

நீரைத் தொடும்போது மெல்லிய அதிர்வு, கருகிய வாடை, கருவியின் அடியில் நீர்க்கசிவு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கருவியைச் சோதிக்கச் செய்ய வேண்டும். பழைய கருவியானால் மாற்றிவிடுவதே நன்று. 3.5 கிலோவாட் கருவி ஏறக்குறைய 15 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கு அதைத் தாங்காது. அதற்குத் தனிக் கம்பியும், துண்டிக்கப்படாத தரைக்கம்பியும் தேவை. இவ்வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் தொழிலாளரிடமே ஒப்படையுங்கள். கூலியை மிச்சம் பிடிக்க எண்ணி உயிரைப் பணயம் வைக்கலாமா?

ஆனால் சொட்டும் குழாய்க்கு ஆள் தேட வேண்டியதில்லை. பட்டையின் கனமறிந்து பால் வெட்டும் கைகளுக்கு இது எளிய வேலை. முதலில் நீர் வரும் வால்வை அடையுங்கள். பின் குழாயின் தலையைக் கழற்றித் தேய்ந்த ரப்பர் வாஷரை எடுத்து, அதே அளவுள்ள புதியதை வையுங்கள். மரையில் கசிவிருந்தால் வெள்ளை நாடாவைச் சுற்றி இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை கெடும்.

ஒரு சொட்டுதானே என்று எண்ணாதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு வீழ்ந்தால், 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்ற கணக்கில், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேலும், மாதத்திற்கு ஏறத்தாழ 130 லிட்டரும் வீணாகும். மறைந்த கசிவை அறியவும் வழியுண்டு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் நீரைத் தொடாதிருந்தும் காலையில் எண் கூடியிருந்தால், எங்கோ நீர் கசிகிறது என்பது உறுதி. மீட்டருக்கு இப்பால் உள்ள கசிவு வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கு அப்பால் தெருக்குழாயில் உடைப்பிருந்தால், கெடாவில் நீர் வழங்கும் சாடா நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். கசிந்து தேங்கும் தெளிந்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டெங்கியைப் பரப்பும் என்பதையும் மறவாதீர்கள்.

இன்றும் தோட்ட வீடுகளில் வாழ்வோர்க்கு ஒரு சொல். முதலாளி தரும் வீட்டில் குழாய்நீரும் மின்சாரமும் அளித்து, வீட்டைப் பழுதின்றிப் பேணுவது அவர் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, தங்குமிடம், வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரச் சட்டம் விதிக்கிறது. குறையிருப்பின் தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள், நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பயனில்லையேல் தொழிலாளர் இலாகாவை நாடுங்கள்.

அன்பர்களே, வாஷரை நாமே மாற்றுவோம். மின்சாரத்தை அறிந்தவரிடம் விடுவோம். இன்று மாலை வீடு திரும்பியதும், முதல் வேலையாக அந்தச் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.