மீன்தொட்டியும் அதன் வடிகட்டியும்

வீட்டு விறாந்தையிலோ வரவேற்பறையிலோ ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் நன்னீர் மீன்களை வளர்ப்போர் நேயர்களிடையே பலர் இருப்பர். அவர்களுட் சிலருக்கேனும் நேர்ந்திருக்கக்கூடிய ஒரு துன்பம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் தொட்டியைத் துப்புரவாக்க முனைகிறார். பழைய நீர் முழுவதையும் வெளியேற்றுகிறார். பரல்களைத் தேய்த்துக் கழுவுகிறார். வடிகட்டியிலுள்ள பஞ்சு பழுப்பேறி வழுவழுப்பாக இருப்பதைக் கண்டு அருவருப்படைந்து, அதற்குச் சவர்க்காரமிட்டுப் பிழிந்து, குழாயின் கீழ் அலசி, வெயிலிற் காயவைத்து மீண்டும் பொருத்துகிறார். மாலையில் தொட்டி பளிங்குபோல விளங்குகிறது; பிள்ளைகள் மகிழ்கின்றனர். செவ்வாய்க்கிழமை மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. புதன்கிழமை இரண்டு இறந்து மிதக்கின்றன. வார முடிவில் எஞ்சுவது ஒன்றோ இரண்டோ. பழி, மீனை விற்ற கடைக்காரர் மீது விழுகிறது.

கடைக்காரர் பெரும்பாலும் குற்றமற்றவர். அந்தத் தொட்டியில் முதலில் இறந்தவை மீன்களல்ல. பஞ்சிற் குடியிருந்த, கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள். அவை ஞாயிற்றுக்கிழமையே இறந்துவிட்டன.

வடிகட்டி என்னும் பெயரே பலரை மயங்கச் செய்கிறது. தேநீர் வடி தேயிலைச் சக்கையைத் தடுப்பதுபோல மீன்தொட்டியின் வடிகட்டி அழுக்கைத் தடுக்கிறது என்றும், அழுக்கு நிறைந்ததும் கழுவிவிட்டால் அது புதியது போலாகிவிடும் என்றும் எண்ணுவது இயல்பே. அத்தொழிலும் அதற்கு உண்டு. மீன்களின் கழிவும் உண்ணாது விட்ட இரையும் பஞ்சிலே தங்குவதால் நீர் தெளிகிறது. ஆயினும் தெளிந்த நீரெல்லாம் நஞ்சற்ற நீராகாது. தொட்டியில் மீனைக் கொல்லும் நஞ்சுக்கு நிறமில்லை. அங்கு காணப்படும் சிறிய அளவில் மணமும் தெரிவதில்லை.

அந்நஞ்சு அமோனியா. மீன்கள் தாம் உண்ட புரதத்தின் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகவே செவுள்களின் வழியாக நீரில் விடுகின்றன. அழுகும் இரையும் வாடிய இலையும் அதனையே தருகின்றன. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரிற் கலந்து மறைந்துவிடும். அறுபது லீற்றர் தொட்டியில் அதற்குப் போக்கிடமில்லை. ஆகவே வடிகட்டியில் வாழும் பற்றீரியாக்களே அதற்குப் போக்கிடமாகின்றன. அவற்றுள் ஒரு சாரார் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுவர். நைத்திரைற்றும் நஞ்சே, அது மீனின் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருளைக் கெடுத்துவிடுவதால், செவுள்கள் செந்நிறமிழந்து கபில நிறமடையும், நீரில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சுத்திணறும். இன்னொரு சாரார் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுவர். நைத்திரேற்று ஓரளவு வரை மீன்களுக்குத் தீங்கற்றது. நீர்த்தாவரங்கள் அதனை உணவாகக் கொள்ளும். எஞ்சியது வாரந்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றும்போது வெளியேறும்.

இந்த மாற்றம் உயிர்களின் தொழில் என்பது 1877ஆம் ஆண்டு வரை உறுதியாகத் தெரியாது. அவ்வாண்டில் சுலோசிங், மியுன்ற்ஸ் என்னும் இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணக்கல்லையும் நிரப்பி, அதனூடாகக் கழிவுநீரை மெல்ல மெல்ல வடியச் செய்தனர். முதல் நாட்களில் அமோனியா உட்சென்றவாறே வெளிவந்தது. ஏறத்தாழ இருபது நாட்கள் கழிந்ததும் நைத்திரேற்று தோன்றலாயிற்று. வேறும் இரசாயன மாற்றமாயின் அது முதல் நாளே நிகழ்ந்திருக்குமன்றோ? பின்னர் அவர்கள் குழாயினுட் குளோரோபோம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றுபோயிற்று. சிறிது தோட்டமண்ணை நீரிற் கரைத்து ஊற்றியதும் அது மீண்டும் உயிர்பெற்றது. வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் 1890ஆம் ஆண்டளவில் இவ்வுயிர்களைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். ஆராய்ச்சி அதனோடு முடிந்துவிடவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் நைத்திரைற்றை மாற்றுவது நைத்திரோபாக்டர் என்னும் இனமே என்று நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 1998இல் வெளிவந்த ஆய்வொன்று, அத்தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைத்திரோசுபைரா என்னும் வேறு குலத்தைச் சேர்ந்தது என்று காட்டிற்று. அக்குலத்தைச் சேர்ந்த சில உயிர்கள் அமோனியாவிலிருந்து நைத்திரேற்று வரையுள்ள இரு படிகளையும் தாமே செய்து முடிக்க வல்லன என்பது 2015இலேதான் தெரியவந்தது. அவ்வாறான உயிர் கண்டெடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, மீன் வளர்க்கும் நிலையமொன்றின் வடிகட்டி!

அந்தக் கண்ணாடிக் குழாயின் இருபது நாட்களை மீன் வளர்ப்போர் நினைவில் வைத்தல் நன்று. புதிதாக அமைத்த தொட்டி முதிர்வதற்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் செல்வது இதனாலேயே. சில பற்றீரியாக்கள் இருபது நிமிடத்தில் இருமடங்காகப் பெருகக்கூடியன. இவையோ அவ்வாறு பெருகப் பல மணித்தியாலங்கள் முதல் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்வன. சவர்க்காரத்தால் ஒரு நாழிகையில் அழித்த குடியிருப்பை மீண்டும் எழுப்ப ஒரு மாதம் வேண்டும். அந்த மாதத்தில் மீன்கள் தம் கழிவிலேயே வாழ்கின்றன.

எனவே வடிகட்டியைக் கழுவவே கூடாதா என்ற வினா எழும். கழுவத்தான் வேண்டும். அழுக்கால் துளைகள் அடைபட்டால் நீரோட்டம் குன்றும். நீரோட்டம் குன்றினால் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் கிடையாது. கழுவும் முறையிலேதான் எல்லாம் தங்கியுள்ளது. வாராந்த நீர்மாற்றத்தின்போது தொட்டியிலிருந்து இறைத்த நீரை ஒரு வாளியிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பஞ்சை அந்நீரில் அமிழ்த்தி, மூன்று நான்கு முறை மெல்லப் பிழிந்து, கரிய அழுக்கு நீங்கியதும் அவ்வீரத்தோடே திரும்பப் பொருத்திவிடலாம். பஞ்சு முன்னைய நிறத்துக்கு வரவேண்டியதில்லை. பழுப்பு நிறமும் சற்று வழுவழுப்பும் எஞ்சியிருப்பதே நலம். அதுவே அவ்வுயிர்களின் இருப்பிடம். அந்த வாளிநீரும் வீணன்று. வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றினால் அவை செழிக்கும்.

எத்தனை நாளுக்கொருமுறை என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதிலும் நீரோட்டத்தைப் பார்த்து முடிவு செய்வது சிறந்தது. காற்றுப் பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டியிற் குமிழிகள் தளர்ந்து எழுந்தாலும், தொட்டியின் விளிம்பில் தொங்கும் வடிகட்டியிலிருந்து விழும் நீர் மெலிந்தாலும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். சாதாரணமாக இது இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொருமுறை நேரும். அதற்கு முன்னரே அடிக்கடி அடைபடுமாயின், குறை வடிகட்டியிலன்று. மீன்கள் மிகையாக உள்ளன, அல்லது இரை மிகையாக இடப்படுகிறது. இரண்டு நிமிடத்தில் உண்டு தீர்க்கும் அளவே போதுமானது. இந்நாட்டு வீடுகளில், பாட்டனார் ஒரு தடவையும் பேரப்பிள்ளைகள் மூன்று தடவையும் இரையிடும் வழக்கம் மீன்களுக்கு நன்மை செய்வதில்லை.

பரலைக் கிளறித் துப்புரவாக்கும் நாளிலேயே வடிகட்டியையும் கழுவுதல் தகாது. இரண்டுக்கும் இடையில் ஒரு வாரமாவது இருத்தல் வேண்டும்; பரலிலும் அவ்வுயிர்கள் வாழ்கின்றன. இரு பஞ்சுகள் இருப்பின் ஒருமுறை ஒன்றையும் மறுமுறை மற்றையதையும் கழுவுவதே அறிவுடைமை. கிழிந்து நைந்த பஞ்சை மாற்ற நேர்ந்தால், புதியதைப் பழையதோடு ஒரு மாதமேனும் சேர்த்து ஓடவிட்டு, அதன் பின்னரே பழையதை அகற்றலாம். வடிகட்டித் துண்டு முழுவதையும் மாதந்தோறும் எறிந்து புதியது வாங்குமாறு பொதியுறைகளில் அச்சிட்டிருப்பதுண்டு. அவ்வறிவுரையால் மீன்களைக் காட்டிலும் விற்பனையாளருக்கே பயன் மிகுதி. உயிர்ப்பூட்டிய கரி மட்டும் இதற்கு விலக்கு. நிறத்தையும் மணத்தையும் உறிஞ்சும் அதன் ஆற்றல் சில வாரங்களில் தீர்ந்துவிடுமாதலால் அதனை மாற்றுதல் முறையே. மீனுக்கு மருந்திடும்போது கரியை அகற்றிவிடல் வேண்டும், அது மருந்தையும் உறிஞ்சிவிடும். பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகள் வடிகட்டியின் உயிர்களையும் விட்டுவைப்பதில்லை. ஆதலால் நோயுற்ற மீனை வேறொரு பாத்திரத்தில் வைத்து மருந்திடுவதே மேல்.

இனி, குழாய்நீர். நகர்ப்புறங்களில் வழங்கப்படும் நீரில் நோய்க்கிருமிகளைக் கொல்வதற்காகவே குளோரீன் சேர்க்கப்படுகிறது. மனிதருக்குக் காவலாக நிற்கும் அக்குளோரீன் நல்ல பற்றீரியா, தீய பற்றீரியா என்ற வேறுபாட்டை அறியாது. பஞ்சைக் குழாயின் கீழ்ப் பிடிப்பது, சுலோசிங் தம் கண்ணாடிக் குழாயினுட் குளோரோபோம் செலுத்தியதை ஒத்த செயல். தொட்டியில் ஊற்றவுள்ள நீரையும் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலோ, சில மணித்தியாலம் காற்றுக் குமிழி விட்டாலோ குளோரீன் வெளியேறிவிடும். விரைவு வேண்டுமாயின் புகைப்படக்காரர் பயன்படுத்தும் சோடியந் தயோசல்பேற்றுப் பளிங்குகள் சிறிதளவே போதும்.

நீரின் இயல்பு ஊருக்கு ஊர் வேறுபடுவதையும் இங்கு கருதவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணக்கல்லிற் சுரக்கும் கிணற்றுநீரே உண்டு. அது வன்னீர், காரத்தன்மை வாய்ந்தது. அமோனியாவின் கொடுமை காரநீரிற் பெருகும். நீரின் பீ.எச். எண் 7இலிருந்து 8 ஆக உயரும்போது, அமோனியாவின் நச்சுவடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. ஆகவே வடிகட்டியைப் பாழாக்கும் தவறு, கண்டியிலுள்ள தொட்டியைக் காட்டிலும் சுன்னாகத்திலுள்ள தொட்டியில் விரைந்து உயிர் பறிக்கும். தோட்டங்களில் இடும் உரத்தால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றின் நீரில் நைத்திரேற்றும் மிகுந்துள்ளது; அங்கு நீரை மாற்றுவதோடு நீர்த்தாவரங்களையும் நிறைய வளர்த்தல் உதவும். மலைநாட்டுக்குரிய இடர் வேறு. அங்குள்ள நீர் மென்னீர். பற்றீரியாவின் தொழிலால் அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்குமாதலால், அதனைத் தணிக்கும் சுண்ணம் இல்லாத நீர் காலப்போக்கிற் புளித்துவிடும், பீ.எச். எண் 6இலும் தாழ்ந்தால் பற்றீரியாக்கள் சோர்ந்துவிடும். ஒரு சிறு துணிப்பையிற் கழுவிய சிப்பியோட்டுத் துண்டுகளை இட்டு வடிகட்டியினுள் வைத்தால் இக்குறை நீங்கும். ஆனால் எல்லா மீனும் சுண்ணத்தை விரும்புவதில்லை. 1929இல் பி. ஈ. பி. தெரணியகல விபரித்த, இலங்கைக்கே உரிய, சிங்களத்தில் ‘லே தித்தயா’ எனப்படும் செந்நிறச் சிறுமீன் தென்மேற்கின் நிழல் சூழ்ந்த ஓடைகளைச் சேர்ந்தது. அம்மீனை வளர்ப்போர் சிப்பியைக் குறைவாகவே இடல் வேண்டும்.

வடிகட்டியே இன்றி மீன் வளர்த்தவர்களும் உண்டு. இலண்டனில் இரசாயன அறிஞர் வாரிங்ரன், பன்னிரண்டு கலன் கொள்ளும் பாத்திரத்தில் இரு பொன்மீன்களையும் வலிசுநேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் நத்தைகளையும் வைத்து, அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை 1850இல் அறிவித்தார். இரண்டு மீனுக்கு அவ்வளவு பெரிய பாத்திரம் என்பதே அதன் இரகசியம். இன்று அத்தகைய பாத்திரத்தில் இருபது மீன்களை விடுவோர் வடிகட்டியை நம்பியே தீரவேண்டும்.

மின்கருவிகளைப் பற்றியும் ஓரிரு சொற்கள் கூறவேண்டும். நீரினுள் கைவைக்குமுன் ஆளியை மூடுவதோடு நில்லாது, செருகியையும் கழற்றிவிடல் வேண்டும். மின்கம்பி செருகிக்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து வளைந்து மேலேறுமாறு விட்டால், கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவிற் சொட்டிவிடும். மோட்டருள்ள வடிகட்டியில் நீரை உந்தும் காந்தச் சுழலியை மாதமொருமுறை வெளியே எடுத்து, அதிற் படிந்த வழும்பைப் பழைய பற்தூரிகையால் நீக்கினால் இரைச்சலும் தேய்வும் குறையும். காற்றுப் பம்பியைத் தொட்டியின் நீர்மட்டத்திலும் உயர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். தாழ வைத்தால், மின்சாரம் நின்றவுடன் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பியைக் கெடுத்துத் தரையையும் நனைக்கும்.

மின்சாரம் நிற்பதனால் வரும் பெருங்கேடு வேறொன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. நீரோட்டம் நின்ற வடிகட்டியிற் பற்றீரியாக்கள் எஞ்சிய ஒட்சிசனைச் சில மணித்தியாலங்களிலே தீர்த்துவிடும். தொட்டிநீரினுள் திறந்தே நிற்கும் பஞ்சு வடிகட்டி இதனை ஓரளவு தாங்கும். மூடிய பேழையாக அமைந்த வடிகட்டியோ உள்ளேயே அழுகத் தொடங்கும். மின்சாரம் மீண்டதும் அந்த நச்சுநீர் முழுவதையும் தொட்டியினுட் கொட்டிவிடும். ஆகவே மின்வெட்டு நீண்டால் பேழையைத் திறந்து, பஞ்சை எடுத்துத் தொட்டிநீரிலேயே மிதக்கவிடலாம். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பி கையிலிருந்தால் நன்று. இல்லையேல் ஒரு கோப்பையால் தொட்டிநீரை முகந்து சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாலும் ஒட்சிசன் கலக்கும். மின்சாரம் வந்தபின் பேழையிலுள்ள நீரை வெளியே ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டிநீரில் அலசிய பின்னரே மோட்டரை இயக்குதல் வேண்டும். அழுகிய முட்டை மணம் வீசுமாயின், பற்றீரியாக்களிற் பெரும்பகுதி மாண்டுவிட்டதாகக் கொண்டு, அத்தொட்டியைப் புதிய தொட்டியாகவே கருதி, சில வாரங்களுக்கு இரையைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலிலொரு பங்கு நீரை மாற்றிவருதல் வேண்டும். மின்வெட்டு நாளில் மீன்களுக்கு இரையே இடவேண்டியதில்லை. நல்ல நிலையிலுள்ள வளர்ந்த மீன்கள் இரண்டு மூன்று நாட்கள் உண்ணாமலே நலமாக இருக்கும்.