திருக்குருகூருக்கு வந்த மூவர்



ஆழ்வார்திருநகரிக்கு இன்று வரும் பயணியருள் பலர், நவதிருப்பதிகள் ஒன்பதையும் ஒரே நாளில் கண்டு திரும்பும் விரைவினர். ஆதிநாதரைத் தொழுவர், உறங்காப்புளியை வலம் வருவர், அடுத்த ஊருக்குப் புறப்படுவர். ஆயின், பொருநைக் கரையிலுள்ள இவ்வூரின் பெருமையை முழுதும் உணர, முன்னர் இங்கு வந்த மூவரை நினைத்தல் வேண்டும்.

முதல்வர் மதுரகவியார். வடநாட்டிலிருந்த அவர் தென்திசையில் தோன்றிய ஒளியைப் பின்தொடர்ந்து வந்து, புளியடியில் மோனத்திருந்த நம்மாழ்வாரை வினவிப் பேசவைத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. இரண்டாமவர் நாதமுனிகள். திருவாய்மொழியின் ஒரு பதிகத்தைக் கேட்டுருகிய அவர், எஞ்சிய பாசுரங்களைத் தேடிக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து குருகூர் வந்தார். நாலாயிரமும் பெற்று மீண்டார் என்பர். மூன்றாமவர் உ. வே. சாமிநாதையர். பத்துப்பாட்டு ஏட்டுச்சுவடியை இவ்வூர்க் கவிராயர் குடும்பத்தாரிடம் பெற்றார்; 1889-இல் அவர் பதிப்பு வெளிவந்தது. அத்தேடலை 'என் சரித்திரம்' விரித்துரைக்கும்.

பத்தியிலக்கியம் ஒருமுறை, சங்க இலக்கியம் ஒருமுறை என மறைய இருந்த தமிழ் இவ்வூரில் இருமுறை கைக்கெட்டியது. கோபுரத்தைக் காட்டும் வழிகாட்டிகள் இச்செய்தியையும் கூறுதல் தகும். கூறாதொழியின், வருவோர் மரத்தைக் கண்டு மொழியைக் காணாது செல்வர்.

கவிஞர்களே, குருகூர் செல்லுங்கால் புளியடியில் ஒரு பதிகமேனும் வாய்விட்டு ஓதுக. ஊர் திரும்பியபின், பழைய இல்லங்களின் பரண்களில் ஏடுகள் உளவோ என வினவுக.