நடப்பவர்க்கும் பங்கு

தோழர்களே! 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று நம் போர்ட் பிளேயரின் பெயர் மாறியது. மேடும் இறக்கமும் மாறவில்லை. அபர்தீன் பஜாருக்குக் கூடை சுமந்து ஏறுகிறவளும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போகிறவனும் நகராட்சிக் கணக்கில் எங்கே?

சென்னை மாநகராட்சி 2014-இல் கொள்கை வகுத்தது: போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும். நல்ல முடிவுதான். ஆனால் பல நடைபாதைகளில் இன்றும் மோட்டார் வண்டிதான் நிற்கிறது.

புதுக்கோட்டையில் 1991-இல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் அறிவொளித் தொண்டர்களும் கைகோத்தார்கள். கல்குவாரிப் பெண்களும் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள்! சர்க்கார் தனியாகச் செய்திருக்குமா?

ஆகவே பணமும் கேட்கிறோம்; அதைச் செலவிடும் கமிட்டியில் கூடைக்காரிக்கு நாற்காலியும் கேட்கிறோம். மனு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.