ஊர் கூடி எழுதும் அறிவியல்

(மதுரைத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதுரையை அடுத்து, மேலூர்ப் பக்கத்தே மாங்குளத்துக் குன்று உண்டு. அதன் கற்படுக்கைகளின் மேலே ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழி எழுத்துகள் இன்றும் நிற்கின்றன. நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் அங்கே உண்டு. அதே குன்றில், வெள்ளறை வணிகர் குழுவினர் கூடிக் கொடுத்த கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. கல்லிலுள்ள நிகமம் என்னும் சொல் தமிழன்று. செயல் தமிழர் செயலே. அறவோர்க்கு உறைவிடம் வேண்டுமென்றபோது, வேந்தன் கொடுக்கட்டும் என்று அவ்வணிகர் வாளா இருந்திலர். வைகைக் கரைக் கீழடியிலோ ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் பானையோடுகளிற் கீறப்பட்டுள்ளன. எழுத்து அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்த நிலமன்று இது.

அந்த மதுரையின் பெயரைத் தாங்கி, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் ஒரு பொதுப்பணி தொடங்கிற்று. அதுவே மதுரைத் திட்டம். தொடங்கிய முனைவர் கல்யாணசுந்தரம் வாழ்ந்ததோ சுவிட்சர்லாந்து நாட்டு இலோசான் நகரில். அவர்தம் துறையோ வேதியியல். ஒருவர் நூலைப் பார்த்துத் தட்டச்சிடுவார். வேறொரு நாட்டிலிருப்பவர் மெய்ப்புப் பார்ப்பார். முடிந்த நூல் எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளுமாறு இணையத்தில் வைக்கப்படும். கூலி எவர்க்கும் இல்லை. அந்நாளில் கணினியில் தமிழுக்கென ஒரே குறியேற்றம் இல்லாமையால், ஓர் எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் பொருளற்ற கீறல்களாய்த் தோன்றும். மயிலை எழுத்துருவில் தொடங்கியவற்றைத் திசுக்கிக்கு மாற்றினர். பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினர். செய்ததையே மீளச் செய்யும் சலியாத உழைப்பு அது. மதுரைத் திட்டம் மதுரையிற் பிறக்கவில்லையே என்று வருந்துவதா, கடல் கடந்தும் மதுரையை மறவாத நெஞ்சங்கள் உண்டென்று மகிழ்வதா என்பதைக் கேட்போர் உள்ளமே முடிவு செய்துகொள்ளட்டும்.

கழக நூல்கள் இணையம் ஏறின. வேதியியல் அறிஞர் ஒருவர் இலக்கியத்தைக் காத்தார். வேதியியலைத் தமிழில் எழுதுவது யார்?

தமிழால் இயலாது என்போர்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஒன்றே போதிய விடை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864ஆம் ஆண்டிலேயே அங்கு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் துணையுடன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்நூல்களில் வடசொல் மிகுந்திருந்தது உண்மை. ஆயினும் அறுவை மருத்துவம் தமிழில் நடந்தது என்பது அதனினும் பெரிய உண்மை.

இன்று அப்பணியைப் பல்லோர் கூடிச் செய்யும் களம் தமிழ் விக்கிப்பீடியா. 2003ஆம் ஆண்டு தோன்றிய அக்களத்திற்குத் தொடக்க நாள்களில் அடித்தளமிட்டவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து, அபுதாபியிற் பணியாற்றிய கட்டடக்கலைஞர் மயூரநாதன். 2017ஆம் ஆண்டு மே திங்களில் அது நூறாயிரம் கட்டுரைகளை எட்டிற்று. எவரும் எழுதலாம், எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம், எந்தத் திருத்தம் எப்போது நிகழ்ந்தது என்பது அழியாமல் நிற்கும். அதன் உரிமம் படைப்பாக்கப் பொதுமம் எனப்படும். எழுதியோரைச் சுட்டி, அதே உரிமையைப் பிறர்க்கும் அளித்தாற் போதும். உசிலம்பட்டிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அக்கட்டுரைகளைத் தொகுத்து, அச்சிட்டு, விற்கவுங்கூடச் செய்யலாம். எவரிடத்தும் கைகட்டி நின்று இசைவு கேட்க வேண்டுவதில்லை.

இக்களத்தின் நெஞ்சு, கட்டுரைக்குப் பின்னிருக்கும் உரையாடற் பக்கத்திலேயே உள்ளது. ஒரு வளியின் பெயரையே பாருங்கள். ஆங்கிலப் பெயரை ஈழத்துப் பாடநூல் ஒட்சிசன் என்று எழுதும். தமிழ்நாட்டுப் பாடநூல் அதே பெயரை வடவெழுத்திட்டு எழுதும். தனித்தமிழர் உயிர்வளி என்பர். கணினி, கணிப்பொறி, கணனி என ஒரு கருவிக்கே மூன்று பெயர்கள். முன்பெல்லாம் இவ்வேறுபாடு தீராமலே கிடந்தது. இவர் நூலை அவர் கண்டதில்லை, அவர் நூலை இவர் கண்டதில்லை. மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கம் கண்ட அதே 1916ஆம் ஆண்டில், சேலத்தில் இராசாசியும் வெங்கட சுப்பையரும் அறிவியற் கலைச்சொல்லுக்கென ஒரு கழகம் அமைத்தனர். அங்குச் சொல் ஆய்ந்தோர் சிலரே. இன்றோ யாழ்ப்பாணத்தாரும் மதுரையாரும் தொராண்டோவில் வாழ்வாரும் ஒரே பக்கத்தில் வழக்காடுகின்றனர். சிலபோது சினமும் மூள்கிறது. வடவெழுத்தை ஏற்பதா விலக்குவதா என்னும் வழக்கு அங்கு எளிதில் ஓய்வதன்று. தனித்தமிழ் அன்பர் பலர் இதனாலேயே வெறுத்து ஒதுங்குகின்றனர். அது பிழை. களத்தில் இல்லாதவன் சொல் அகரமுதலியில் உறங்கும். களத்தில் நின்று சான்று காட்டியவன் சொல்லே மாணவன் நாவில் ஏறும்.

பாவாணர் இம்மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில், 1981ஆம் ஆண்டு சனவரியில், மாந்தன் தோற்றத்தையும் தமிழர் மரபையும் பற்றி முழங்கினார். உடல் நலிவுற்று, அத்திங்களிலேயே இந்நகரிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய சொற்பிறப்பியல் பேரகரமுதலி 31 பகுதிகளாக நிறைவுற்றது 2011ஆம் ஆண்டில். அவருடைய நூல்கள் 2006ஆம் ஆண்டு நாட்டுடைமை ஆக்கப்பட்டன. நாட்டுடைமை ஆகாத நூல், இந்திய உரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்த பின்னரே பொதுவுடைமையாகும். அறிவியல் நூலுக்கு 60 ஆண்டு என்பது ஏறத்தாழச் சாவுக்கு நிகர். அதற்குள் அறிவியலே வேறாகிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970ஆம் ஆண்டு முதல் கல்லூரிக்கென வெளியிட்ட தமிழ் அறிவியல் நூல்கள் நெடுங்காலம் அச்சிலின்றிக் கிடந்து, அண்மை ஆண்டுகளிலேயே மின்வடிவம் பெற்று வெளிவந்தன. நல்ல செயலே. எனினும் எத்தனை தலைமுறை மாணவர் அவற்றைக் காணாமலே கல்லூரியை விட்டு வெளியேறினர்!

திருமங்கலத்திலும் பேரையூரிலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிற் பயின்ற பிள்ளை, கல்லூரியின் முதல் நாளிலேயே தான் அறிந்த அறிவியலை அறியாதவனாகிறான். அறிவு குறைந்ததன்று; சொல் மாறிற்று. அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டு கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. வகுப்பை ஓர் ஆணையால் திறந்துவிடலாம். நூல்களை ஆணையால் எழுதிவிட இயலாது.

பொதுக்களத்திலும் குறை பல. மூன்று வரியோடு நின்றுவிட்ட கட்டுரைகள் உண்டு. பொறி பெயர்த்ததை அப்படியே இட்டுச் சென்ற உயிரற்ற நடையும் உண்டு. உறுப்புகளுக்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே கொண்ட படங்களும் உண்டு. ஒரு படத்தில் தமிழ்ப் பெயர்களை எழுதிச் சேர்ப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை.

மதுரையைச் சூழ்ந்த இச்சமநிலம் தரவேண்டியதோ அதனினும் மிகுதி. நீரியல் நூல் எழுதுவோர் ஆங்கிலச் சொல்லை முன்வைத்து அறைக்குள் அமர்ந்து புதுச்சொல் புனைகின்றனர். கண்மாய்க் கரையில் நிற்கும் உழவரோ மடை, குமிழி, கலுங்கு, மறுகால், உள்வாய் என்று ஒவ்வோர் உறுப்பையும் பெயரிட்டு அழைக்கிறார். மிகை நீர் வழிந்தோடும் இடத்திற்குக் கலுங்கு என்னும் சொல் இருக்க, மொழிபெயர்ப்புச் சொல் எதற்கு? முதியோர் வாயிலிருக்கும் இச்சொற்களைக் கல்லூரி மாணவர் கேட்டெழுதி, கண்மாயின் படத்தோடும் நீரளவுக் கணக்கோடும் கட்டுரையாக்கி, வருகின்ற ஐப்பசி மழைக்கு முன்னரே பொதுக்களத்தில் ஏற்றலாம். மடை திறக்கும்போது நீர் எவ்வாறு பாய்கிறது என்பதை அம்முதியவரே அருகிருந்து திருத்துவார்.