ரயில் அட்டவணையும் ஏவுகணையும்



1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் நாடு அணு ஏவுகணைகளை நிறுத்துவது அமெரிக்க உளவு விமானம் எடுத்த படங்களில் தெரிந்துபோனது. உடனே குண்டு போட வேண்டும் என்றார்கள் தளபதிகள். அதிபர் கென்னடி அவசரப்படவில்லை. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அந்த ஆண்டு அவர் படித்திருந்த ஒரு புத்தகம்.

பார்பரா டக்மன் எழுதிய 'தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்' (ஆகஸ்ட் பீரங்கிகள்). 1914-ல் முதல் உலகப் போர் மூண்ட கதை. படைகளை எந்த ரயிலில், எந்த நேரத்தில் ஏற்றுவது என்று ஜெர்மனி முன்பே திட்டம் போட்டு வைத்திருந்தது. கடைசி நேரத்தில் மன்னர் கைசரே, "பிரான்ஸ் பக்கம் வேண்டாம், ரஷ்யா பக்கம் திருப்புங்கள்" என்கிறார். தளபதி மோல்ட்கே, ஏற்பாட்டை இனி மாற்ற முடியாது என்று மறுத்துவிடுகிறார். ராஜாவைவிட ரயில் அட்டவணை பெரிதாகிவிட்டது, பாருங்கள்!

இந்தப் புத்தகத்தைக் கென்னடி தன் அதிகாரிகளுக்கும் கொடுத்தார். நாளைக்கு யாரும் 'அக்டோபர் ஏவுகணைகள்' என்று நம்மைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதும்படி நடந்துகொள்ளக் கூடாது என்று தம்பி ராபர்ட்டிடம் சொன்னாராம். குண்டு போடாமல், கியூபாவுக்குச் செல்லும் கடல்வழியை மட்டும் மறித்தார். சோவியத் தலைவர் குருஷேவுடன் கடிதப் போக்குவரத்தையும் விடவில்லை. அக்டோபர் 28-ல் ஏவுகணைகளைத் திரும்பப் பெற குருஷேவ் ஒப்புக்கொண்டார். துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை எடுத்துவிட அமெரிக்காவும் சம்மதித்தது, ரகசியமாக.

இன்றைய போர்ச் செய்திகள் குழப்புகின்றனவா? கென்னடிக்கு உதவியது போல நமக்கும் புத்தகம் உதவும். செய்தியில் வரும் நாட்டைப் பற்றி ஒரு புத்தகமும், அதற்கு மறுப்புச் சொல்லும் இன்னொரு புத்தகமும் நூலகத்தில் கேட்டு வாங்குங்கள்.