தெளிந்த நீரும் தூய நீரும்

தண்ணீரைப் பற்றிப் பேசும்பொழுது நாம் இரண்டு சொற்களை ஒரே பொருளில் வழங்கிவருகிறோம். ஒன்று 'தெளிந்த நீர்'. மற்றொன்று 'தூய நீர்'. கண்ணுக்குப் பளிங்குபோலத் தோன்றுவது தெளிந்த நீர். குடித்தால் நோய் தராதது தூய நீர். இவ்விரண்டும் எப்பொழுதும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வதற்கில்லை. இந்த வேறுபாட்டை, சில இல்லங்களின் சமையலறையில் இடம்பெற்றுவிட்ட ஒரு சிறிய சாதனத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். வடிகட்டி ஜாடி என்பது அதன் பெயர்.

இதன் அமைப்பு மிகவும் எளியது. ஜாடிக்குள் மேலும் கீழுமாக இரண்டு அறைகள் உண்டு. மேலறையில் ஊற்றிய நீர், நடுவிலுள்ள 'கார்ட்ரிட்ஜ்' என்னும் சிறு குப்பியின் வழியாகத் தன் எடையாலேயே இறங்கிக் கீழறையை அடைகிறது. மின்சாரம் வேண்டா, குழாய் இணைப்பும் வேண்டா.

அந்தக் குப்பிக்குள் இருப்பவை பெரும்பாலும் இரண்டே பொருள்கள். முதலாவது கரி. நாம் எறிந்துவிடும் தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. இத்தகைய கரியில் ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடியுமானால், அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும். அதாவது இரண்டு கிரவுண்டு மனைக்கு மேல்! குளோரினின் நெடியும், சில நிறப்பொருள்களும் இந்தக் கரியிடம் தங்கிவிடுகின்றன. இரண்டாவது பொருள் அயனிப் பரிமாற்றப் பிசின் மணிகள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணச் சத்தின் ஒரு பகுதியை இம்மணிகள் பற்றிக்கொள்கின்றன.

மாணவர்களுக்கு நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஒரு குவளை நீரில் பலகாரத்துக்கு இடும் நிறப்பொடியைச் சிட்டிகையளவு கரைத்து ஜாடியில் ஊற்றுவேன். கீழே இறங்கும் நீரில் நிறம் பெரிதும் குறைந்திருக்கும். மாணவர்கள் வியந்து கைதட்டுவார்கள். அடுத்து, மற்றொரு குவளை நீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றுவேன். இறங்கும் நீர் பளிங்குபோல இருக்கும். ஆனால், நாவில் வைத்தால் கரிக்கும்! கண் ஒன்று சொல்ல, நாக்கு மற்றொன்று சொல்லுகிறது. உப்பையாவது நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். நோய்க்கிருமியைக் காட்டிக்கொடுக்க நம்மிடம் எந்தப் புலனும் இல்லை.

வடிகட்டுவதால் கிருமி நீங்காதா என்று நீங்கள் கேட்கலாம். நீங்குவதும் உண்டு. 1892-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரை ஒட்டியிருந்த ஆல்டோனாவோ பெரும்பாலும் தப்பியது. இரண்டு ஊர்களும் எல்பே ஆற்று நீரையே குடித்தன. இன்னும் சொல்லப்போனால், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு ஓடிவந்த நீரைத்தான் ஆல்டோனா எடுத்தது. ஆனால், ஆல்டோனா அதை மணற்படுகைகளில் மெதுவாக வடித்து வழங்கியது. ஹாம்பர்க் அவ்வாறு வடிக்காமல் வழங்கியது. அறிஞர் ராபர்ட் காக் இந்த வேறுபாட்டை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தார். மணலின் மேற்பரப்பில் படியும் வழுவழுப்பான உயிர்ப்படலமே அங்கே கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவலன். நம் ஜாடியின் குப்பியில் அத்தகைய காவலன் இல்லை. காலராக் கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 500-இல் ஒரு பங்கு; கரித்துண்டுகளுக்கு இடையேயுள்ள சந்துகளில் அது எளிதாகப் புகுந்து சென்றுவிடும். வடிகட்டி என்னும் பெயர் இரண்டுக்கும் பொது, வேலையோ வேறு.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. குழாய் நீரில் குளோரின் சிறிதளவு எஞ்சியிருக்கும்படி விடுவது, வழியில் கிருமி சேராமல் காப்பதற்காகவே. ஜாடி அந்த நெடியை நீக்கும்பொழுது காவலையும் நீக்கிவிடுகிறது. ஆகையால், வடித்த நீரை அன்றன்றே குடித்துவிட வேண்டும். அல்லது குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். ஈரமான குப்பிக்குள்ளேயே கிருமிகள் குடியேறுவதும் உண்டு. எனவே, நீரின் தூய்மையில் ஐயம் இருந்தால், முதலில் வடிகட்டிப் பின்னர்க் கொதிக்கவைப்பதே முறை. கொதிக்கவைத்த பின்னர் வடிகட்டுவது முறையன்று. தளதளவென்று கொதித்த நீரை, மூடிய பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள்.

குப்பியின் ஆயுளையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குப்பி 150 லிட்டர் நீருக்கு உரியது என்று அதன் உறையில் குறித்திருப்பதாகக் கொள்வோம். ஐவர் உள்ள குடும்பத்துக்கு நாள்தோறும் 10 லிட்டர் என்றால், பதினைந்தே நாளில் அதன் பணி முடிந்துவிடுகிறது. அதன் பின்னும் நீர் இறங்கத்தான் செய்யும்; பார்வைக்கும் நன்றாகவே இருக்கும். நாம் ஏமாறும் இடம் இதுதான்.

கொதிக்கவைத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறக்கலாகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. அது பல்லைக் கறைப்படுத்தி, நாளடைவில் எலும்பையும் கெடுக்கும். அந்த நீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற, அதன் செறிவு கூடவே செய்யும். சாதாரண ஜாடியும் இங்கே பயன்படாது. அதனால்தான் காவிரி நீரை அப்பகுதிகளுக்குக் கொண்டுசெல்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. நோய்க்குத் தக்க மருந்து என்பதுபோல, மாசுக்குத் தக்க முறை வேண்டும்.

நம் முன்னோர் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தனர். அதன் பெயரிலேயே அதன் வேலை அடங்கியிருக்கிறது. அது நீரைத் தெளிவிக்கும். ஜாடியையும் அவ்வாறே அதன் அளவறிந்து போற்றுவோம். அது நீரின் சுவையைத் திருத்தும். ஆனால், நோயைத் தடுக்கும் பொறுப்பை அதன் தலையில் ஏற்றக் கூடாது. மாணவர்களே! இன்று உங்கள் வீட்டில் எந்த வடிகட்டி இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நம் நீர் எங்கிருந்து வருகிறது? அதில் உள்ள மாசு யாது? இந்தக் கருவி அந்த மாசை நீக்குமா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று உறுதியான விடை கிடைத்த பிறகு, வீட்டிலுள்ள சிறு குழந்தையின் கையில் அந்தக் குவளையைக் கொடுங்கள்.